ஸ்பானிய மொழிக்காரருக்கு ஆங்கில இறந்த காலம்: எங்கிருந்து தொடங்கலாம்?

"ஐ வாஸ் டு செவிய்யா அகோ டூ இயர்ஸ்." மாட்ரிட்டில் இருக்கும் என் மாணவி ஒருவர் எழுதி அனுப்பிய வாக்கியம் இது. இரண்டு வருடத்துக்கு முன் செவிய்யா நகரத்துக்குப் போனேன் என்று சொல்ல வந்திருக்கிறார். இரண்டு தப்பு இருக்கிறது, ஆனால் அவர் தாய்மொழிக் கணக்குப்படி பார்த்தால் இரண்டுமே சரி. ஸ்பானியத்தில் 'ஃபுய்' என்ற ஒரே சொல் 'போனேன்' என்றும் பொருள்படும், 'இருந்தேன்' என்றும் பொருள்படும். 'ஆதே தோஸ் ஆன்யோஸ்' என்றால் இரண்டு வருடத்துக்கு முன், அதில் 'முன்' என்ற வேலையைச் செய்கிற 'ஆதே' முதலில் வந்துவிடும், எண்ணும் வருடமும் அப்புறம்தான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து 'அகோ'வை முன்னால் வைத்துவிட்டார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தப்பு வராது, ஏனென்றால் தமிழின் வரிசையும் ஆங்கிலத்தின் வரிசையும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

நான் இரண்டு குழுக்களுக்கு இணையத்தில் ஆரம்பநிலை ஆங்கிலம் எடுக்கிறேன். மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக் குழுவுக்கு அங்கே மாலை ஏழு மணி, எனக்குக் காலை ஆறரை. மாட்ரிட் குழுவுக்கு அவர்கள் மாலை ஏழு மணி என்றால் எனக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. இப்படி ஸ்பானியம் பேசுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர், அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: இறந்த காலத்தையும் வினையடைகளையும் (ஆட்வெர்ப்) எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது? புத்தகத்தில் இருக்கும் வரிசையிலேயே போகலாமா, ஸ்பானியத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாமா, அல்லது 'யெஸ்டர்டே', 'அகோ', 'ஆல்ரெடி' மாதிரியான காலச் சொற்களை முதலில் கொடுத்துவிட்டு வினைச்சொல்லை அதன் மேல் ஏற்றலாமா? மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் புத்தக வழி. சிம்பிள் பாஸ்ட் ('ஐ ஏட்'), பாஸ்ட் கன்டினியுவஸ் ('ஐ வாஸ் ஈட்டிங்'), பிரசென்ட் பெர்ஃபெக்ட் ('ஐ ஹேவ் ஈட்டன்'), நடுவில் எங்கோ பழைய வழக்கத்தைச் சொல்லும் 'யூஸ்டு டு', வினையடைக்குத் தனிப் பாடம். இந்த வழியை மட்டமாகப் பேச நான் தயாரில்லை, ஏனென்றால் 'டிட்' என்ற ஒரு விஷயத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஸ்பானியத்தில் கேள்விக்குத் துணைவினை கிடையாது. 'ஃபுயிஸ்தே' என்றால் போனாய், அதையே குரலை உயர்த்திச் சொன்னால் போனாயா. மறுப்புக்கு முன்னால் ஒரு 'நோ' போட்டால் போதும், வினை அப்படியே இருக்கும். அதனால்தான் "ஐ டிடன்ட் வென்ட்" என்று மாதக்கணக்கில் வரும். தமிழ்க்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு: 'போனேன்' என்பதற்கு மறுப்பு 'போகவில்லை', அதில் 'போக' காலத்தை இழந்துவிடுகிறது, 'டிடன்ட் கோ'வில் 'கோ' இழப்பது போலவே. ஸ்பானியக்காரருக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை. இங்கே விளக்கம் எடுபடாது, பத்து நாள் வாய்ப்பயிற்சிதான் எடுபடும். புத்தகங்கள் அந்தப் பயிற்சியை நன்றாகக் கொடுக்கின்றன.

'-எட்' விகுதியின் உச்சரிப்புக்கும் அதே வழிதான். ஸ்பானியச் சொற்களின் கடைசியில் மெய் வந்தால் ஒற்றை மெய்தான் வரும், அதுவும் பெரும்பாலும் ன், ஸ், ர், ல், த் மாதிரி சிலதுதான். இரண்டு மூன்று மெய் சேர்ந்து நிற்பது அரிது. 'வாக்ட்' என்று சொல்ல வாய் வராமல் 'வாக்கெட்' என்பார்கள், 'ஸ்டாப்ட்' முன்னால் ஒரு எ சேர்ந்து 'எஸ்டாப்பெட்' ஆகிவிடும். நாம் கடைசியில் உ சேர்த்து 'வாக்டு' என்கிறோம் இல்லையா, அதே கதைதான். 'வெயிட்டட்', 'நீடட்' மாதிரி t, d ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும் தனி அசை, மற்றதற்குக் கிடையாது என்று முதல் வாரத்திலேயே சொல்லி, காதால் கேட்க வைத்துவிட வேண்டும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஒழுங்கில்லாத வினைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வினை கொண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். 2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாதவையாக இருந்த 177 வினைகளை எடுத்துப் பார்த்தால் இன்றைக்கு அவற்றில் 98 மட்டும் அப்படியே இருக்கின்றன, மற்றவை '-எட்' பக்கம் போய்விட்டன. அடிக்கடி புழங்கும் சொல் மாறாமல் நின்றது, அரிதாகப் புழங்கியது மாறியது. இன்று அதிகம் புழங்கும் பத்து ஆங்கில வினைகளும் ஒழுங்கில்லாதவைதான். அதாவது வாஸ், ஹேட், டிட், வென்ட், செட், காட், சா, டுக், கேம், மேட் மாதிரி ஒரு இருபதைக் கையில் பிடித்துவிட்டால் ஆரம்பநிலைப் பேச்சுக்குப் போதுமானது, மீதி புழக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, புத்தக வழி எங்கே தடுக்கி விழுகிறது? உலகம் முழுக்க விற்கும் புத்தகம், ஜப்பான்காரருக்கும் அதுதான், பிரேசில்காரருக்கும் அதுதான். ஸ்பானியம் பேசுகிறவர் குழந்தையிலிருந்தே இறந்த காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர் என்பது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. 'கொமீ' என்றால் சாப்பிட்டேன், முடிந்தது. 'கொமீயா' என்றால் சாப்பிடுவேன் அந்தக் காலத்தில், அல்லது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியாத சாப்பாடு. ஆங்கில சிம்பிள் பாஸ்ட் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. மாணவருக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், இன்னொரு உருவம் எங்கே என்று தேடுவார், பாஸ்ட் கன்டினியுவஸ் கண்ணில் படும், எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுவார். "வென் ஐ வாஸ் எ சைல்ட், ஐ வாஸ் கோயிங் டு த பீச் எவ்ரி சம்மர்" என்று புவெப்லா குழுவில் ஐந்து பேர் எழுதினார்கள். ஐந்து பேரும் கவனமாகப் படிக்கிறவர்கள்.

இந்த இடத்துக்கு ஒப்பீட்டு வழிதான் மருந்து. ஒரு வகுப்பு முழுவதையும் 'கொமீயா' ஒன்றுக்கே ஒதுக்குங்கள். நான் திரையில் ஸ்பானிய வாக்கியம் ஒன்றைப் போடுவேன், மாணவர்கள் அதன் உட்பொருளைச் சொல்ல வேண்டும்: வழக்கமா, நடந்துகொண்டிருந்ததா, வெறும் நிலையா? வழக்கம் என்றால் 'யூஸ்டு டு' அல்லது சிம்பிள் பாஸ்ட், நடந்துகொண்டிருந்தால் 'வாஸ்' போட்டு 'இங்', நிலை என்றால் சிம்பிள் பாஸ்ட் மட்டும். 'தெனீயா தியேஸ் ஆன்யோஸ்' என்றால் சொல்லுக்குச் சொல் 'எனக்குப் பத்து வயது இருந்தது', அதைப் பார்த்து "ஐ ஹேட் டென் இயர்ஸ்" என்று வருவதையும் இந்த வகுப்பிலேயே பிடித்துவிடலாம்.

ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. 'கொனோசீயா அ மி வெசீனா' என்றால் பக்கத்து வீட்டுப் பெண்மணியை எனக்குத் தெரிந்திருந்தது. 'கொனோசீ அ மி வெசீனா' என்றால் அவரோடு முதன்முதலாக அறிமுகமானேன். வினை ஒன்றுதான், விகுதிதான் வேறு. ஆங்கிலத்தில் விகுதியால் அது முடியாது, சொல்லையே மாற்ற வேண்டும்: 'நியூ' (knew), 'மெட்'. அதே மாதிரி 'சபீயா' தெரிந்திருந்தது, 'சூபே' தெரிய வந்தது, ஆங்கிலத்தில் 'நியூ', 'ஃபவுண்ட் அவுட்'. இதைக் காட்டினால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் தங்கள் மொழி இப்படிச் செய்கிறது என்று அவர்களே அதுவரை கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த வழியை முழு வழியாக வைத்துக்கொண்டால் ஆபத்து. பெரிய ஆபத்து 'எ கொமிதோ'. உருவத்தில் அச்சு அசல் 'ஐ ஹேவ் ஈட்டன்': 'ஹேவ்' மாதிரி ஒரு துணைவினை, கூடவே வினையெச்சம் மாதிரி ஒரு உருவம். இரண்டும் ஒன்று என்று பலகையில் எழுதிவிடுவது சுலபம். நானும் முதல் வருடம் எழுதினேன். அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கியது.

மாட்ரிட்டில், ஸ்பெயினின் பெரும்பகுதியில், இன்றைக்கு நடந்த எதற்கும் 'எ கொமிதோ' வகை வரும். காலையில் சாப்பிட்டு முடித்து இரவு ஆகியிருந்தாலும், இன்றுதான் என்றால் அந்த உருவம்தான். அதை நம்பி "ஐ ஹேவ் மெட் மை பாஸ் திஸ் மார்னிங்" என்று மாலையில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் காலை முடிந்துவிட்டால் 'மெட்'தான். புவெப்லாவில் கதையே வேறு. அங்கே 'யா கொமீ' என்பார்கள், சாப்பிட்டாயிற்று என்பதற்கு. மெக்சிகோவிலும் 'எ' போட்ட உருவம் உண்டு, ஆனால் பெரும்பாலும் இன்றுவரை தொடர்வதற்கும் திரும்பத் திரும்ப நடப்பதற்கும். புவனோஸ் ஐரிஸ் பக்கம் பேச்சில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 'கொமீ'தான். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ் ஊர்க்காரர்கள் மாட்ரிட்காரர் மாதிரி பேசுவதில்லை. ஆக, 'ஸ்பானியத்தில் இப்படி' என்று ஒரே அட்டவணை போட்டால் பாதிப் பேருக்குப் பொய் சொல்கிறோம்.

பெயர்களும் அப்படித்தான். கராகஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெய்யோ 1847-இல் தன் இலக்கணத்தில் காலங்களுக்குத் தனிப் பெயர்கள் வைத்தார்: 'கொமீயா' வகைக்குக் 'கோபிரெதேரிதோ', 'எ கொமிதோ' வகைக்கு 'ஆந்தெபிரெசென்தே'. மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் அந்தப் பெயர்கள் புழங்குகின்றன. ஸ்பெயினில் படித்தவருக்கு அதே 'கொமீயா' 'பிரெதேரிதோ இம்பெர்ஃபெக்தோ'. பெயரைச் சொல்லாதீர்கள், உருவத்தைச் சொல்லுங்கள், 'கொமீயா' என்றால் எல்லோருக்கும் புரியும்.

இதில் ஒரு நல்ல பொருத்தமும் இருக்கிறது. அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?", "ஐ ஆல்ரெடி ஏட்" என்று சிம்பிள் பாஸ்டில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பிரிட்டனில் "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" என்பதுதான் வழக்கம். புவெப்லா மாணவர் 'யா கொமீ'யை நேராக "ஐ ஆல்ரெடி ஏட்" என்று மாற்றினால் அவர் வேலைக்குப் போகும் இடத்தில், அதாவது அமெரிக்கக் கம்பெனியோடு பேசும் இடத்தில், அது நல்ல ஆங்கிலம். அதைச் சிவப்பு மையால் அடிப்பது அநியாயம். மாட்ரிட் மாணவர் பிரிட்டிஷ் தேர்வு எழுதப் போகிறவர் என்றால் அவருக்கு 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' பழக்கமாவது சுலபம், 'திஸ் மார்னிங்' விஷயத்தில் மட்டும் கடிவாளம் வேண்டும்.

வினையடைக்கு ஒப்பீட்டு வழி எப்படி? இங்கே ஆசை காட்டி மோசம் செய்யும். ஸ்பானியத்தில் '-மென்தே', ஆங்கிலத்தில் '-லி'. ராபிதமென்தே, ரேபிட்லி. ஒரே மணி நேரத்தில் ஐம்பது சொல் கொடுத்துவிடலாம், மாணவர்கள் மகிழ்ச்சியாகப் போவார்கள். '-மென்தே' என்பது மனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, '-லி' உடல், உருவம் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. 'மெதுவாக' என்பதில் நம் 'ஆக', 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்த மாதிரி. மனம் என்ற பழைய நினைவு ஸ்பானியத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது: இரண்டு வினையடை சேர்ந்தால் கடைசிச் சொல்லுக்கு மட்டும்தான் '-மென்தே', 'லென்தா இ கிளாரமென்தே'. அதனால்தான் "ஹி ஸ்போக் ஸ்லோ அண்ட் கிளியர்லி" என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

மோசம் எங்கே என்றால், பொய் நண்பர்கள், அதாவது பார்க்க ஒன்றுபோல் இருந்து பொருள் வேறாகும் சொற்கள். 'அக்துவால்மென்தே' என்றால் தற்போது, 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். 'எவென்துவால்மென்தே' என்றால் ஒருவேளை நடந்தால், 'எவென்சுவலி' என்றால் கடைசியில் நடந்தே விட்டது. இந்த இரண்டாவது இறந்த காலக் கதைகளில் அர்த்தத்தையே புரட்டிப் போடும். வேலை நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த புவெப்லா மாணவர் ஒருவர், ஐந்து வருடம் கடுமையாக உழைத்தேன் என்பதை "ஐ வர்க்ட் ஹார்ட்லி ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்று என்னிடம் ஒத்திகை பார்த்தார். 'தூரோ' கடினம், 'துராமென்தே' கடுமையாக, அப்படியானால் 'ஹார்ட்' 'ஹார்ட்லி' என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட உழைக்கவே இல்லை என்று பொருள் வரும் என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த ஐந்து வருடம் அவர் பார்த்தது இரவு ஷிப்ட். '-லி' கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அப்புறம்தான் மூன்றாவது வழிக்கு வந்தேன். காலச் சொல் முதலில். திரையில் வினைச்சொல்லே இல்லாமல் ஆறு சொல்: யெஸ்டர்டே, அகோ, வைல், ஆல்ரெடி, யெட், சின்ஸ். ஒவ்வொன்றோடும் ஒரு வினை உருவம் மட்டும் இணைத்து, முழு வாக்கியமாகவே வாயில் போடுவது. 'அகோ' வந்தால் சிம்பிள் பாஸ்ட், விதிவிலக்கு தேட வேண்டாம். 'வைல்' வந்தால் 'வாஸ்' போட்டு 'இங்'. 'சின்ஸ்' வந்தால் 'ஹேவ்'. ஸ்பானியத்தில் விகுதி சுமக்கும் வேலையில் பாதியை ஆங்கிலத்தில் பக்கத்தில் நிற்கும் சொல் சுமக்கிறது என்பது மாணவருக்குச் சொல்லாமலே பிடிபடும்.

முக்கியமாக 'யா', 'தொதவீயா' என்ற இரண்டு சின்னச் சொற்கள். 'யா' ஒன்றே ஆல்ரெடி ஆகும், கேள்வியில் யெட் ஆகும், சில சமயம் நவ் ஆகும். 'தொதவீயா' ஸ்டில் ஆகும், மறுப்பில் யெட் ஆகும். "ஐ ஹேவன்ட் ஃபினிஷ்ட் ஸ்டில்" என்று வருவது இதனால். இலக்கணமாக விளக்கினால் குழம்பும். மாணவர் வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொண்டு கேட்பேன்: பாத்திரம் கழுவியாயிற்றா? சோறு வெந்ததா? அடுப்பு இன்னும் எரிகிறதா? பத்துக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் ஆல்ரெடி, யெட், ஸ்டில் மூன்றும் தம்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

'சின்ஸ்', 'ஃபார்' பாடத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே நோய். 'வீவோ ஆகீ தெஸ்தே ஆதே திரேஸ் ஆன்யோஸ்', மூன்று வருடமாக இங்கே வசிக்கிறேன். இரண்டு மொழியிலும் நிகழ்காலம். "ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று நம்மவர்களும் சொல்வார்கள், அவர்களும் சொல்வார்கள். இந்த ஒரு பாடத்தைத் தமிழ் ஆசிரியர் எடுக்கும்போது, இங்கிலாந்துக்காரர் எடுப்பதைவிட நன்றாக எடுக்க முடியும் என்று நம்புகிறேன், தப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று உள்ளிருந்தே தெரியும்.

வினையடை நிற்கும் இடத்துக்கும் இந்த வழி உதவுகிறது. ஸ்பானியத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை தாராளமாக நுழையும்: 'ஆப்லோ முய் பியென் இங்கிலேஸ்'. அதிலிருந்து "ஐ ஸ்பீக் வெரி வெல் இங்கிலீஷ்". வாக்கியம் முழுசாகவே மனதில் பதிந்திருந்தால் இந்தத் தப்பு பாதியாகக் குறைகிறது.

குறை இல்லாமல் இல்லை. 'ஆல்வேஸ்', 'டுடே' மாதிரி எந்தக் காலத்தோடும் போகிற சொற்கள் வந்தவுடன் மாணவர் திணறுவார், எந்தப் பெட்டி என்று கேட்பார். காலச் சொல்லே இல்லாத கதையில், 'கொமீயா' கலந்து வரும் சிறுவயது நினைவுகளில், இந்த வழி கைவிட்டுவிடும். இலக்கணம் படித்து வளர்ந்த பெரியவர்கள், வழக்கறிஞர், கணக்காளர் மாதிரி ஆட்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவர்களை ஆறு சொல்லோடு நிறுத்தி வைக்க முடியாது.

என் முடிவு இப்போது இப்படி நிற்கிறது. முதுகெலும்பு காலச் சொல் வழி. முதல் இரண்டு வாரம் புத்தகத்திலிருந்து 'டிட்' பயிற்சியும் '-எட்' ஒலியும். ஸ்பானிய ஒப்பீடு 'கொமீயா'வுக்கும் 'கொனோசீ' வகைக்கும் மட்டும், அதுவும் சிம்பிள் பாஸ்ட் வாயில் பழகிய பிறகு. '-லி' கடைசியில், அதிலும் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்', 'லேட்' முதலில், விகுதி சேர்க்காத சொற்கள் பதிந்த பின்தான் விகுதி. பிரசென்ட் பெர்ஃபெக்ட்டில் மட்டும் ஊரைக் கேட்டுப் பிரிக்கிறேன்: மாட்ரிட் குழுவுக்கு நாலாவது வாரமே, அவர்கள் எப்படியும் தப்பாகத் தொடங்கிவிடுவார்கள் என்பதால். புவெப்லா குழுவுக்கு 'சின்ஸ்', 'ஃபார்' வரும்போது, எட்டாவது வாரத்தில்.

தேர்வு எழுதுகிறவர் மட்டும் என்றால் நான் வாதாட மாட்டேன், புத்தக வரிசையிலேயே போங்கள், தாளில் கேட்பது அந்த வரிசையைத்தான், ஒப்பீட்டை அவ்வப்போது ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டால் போதும். பேச்சுக்காக வருகிறவர்கள் என்றால் முதல் நாளே அவர் எந்த ஊர், யாரோடு பேசப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஸ்பானியத்திலேயே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். 'எ தெசாயுனாதோ' என்று தொடங்குகிறாரா, 'தெசாயுனே' என்று தொடங்குகிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கான பாட வரிசையை அதை வைத்தே போட்டுவிடலாம்.